ஜாலான் லெக்காரில் ஒரு நாள்காட்டி

செராங்கூன் நார்த் அவென்யூ 1க்குச் சனிக்கிழமை மாலையில் போனால் முதலில் காதுக்குத்தான் வேலை. காற்றுப் பம்புகளின் முணுமுணுப்பு, வடிகட்டியிலிருந்து விழும் தண்ணீர், பக்கத்துக் கடைப் பறவைகளின் சண்டை, "இது வேணும், இது வேணும்" என்று நாலு மொழியிலும் கெஞ்சும் பிள்ளைகள். மேலே வீவக வீடுகளில் துணி காய்கிறது. கீழ்த்தளத்தில் மீன் கடைகள். வாசலில் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டிகள், உள்ளே கூரைவரை அடுக்கிய தொட்டிகள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கப்பியும் நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்கும் டிஸ்கஸும் ஒரே சுவரில் நீந்துகின்றன.

இந்தக் கடைகளில் இரண்டு கூட்டம் உண்டு. மகிழ்ச்சியான கூட்டம் தொட்டிகளுக்கு முன்னால் நிற்கும். கவலையான கூட்டம், நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் புட்டிகள் நிற்கும் மருந்து அலமாரிக்கு முன்னால் நிற்கும். இவர்கள் கையில் கைப்பேசி இருக்கும். கடைக்கார அங்கிள் வந்ததும் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "இக்."

வெண்புள்ளி நோய்க்கு உலகெங்கும் மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. மீனின் உடம்பிலும் செதிள்களிலும் துடுப்புகளிலும் யாரோ ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசும். துடுப்புகளை ஒடுக்கிக்கொள்ளும். பிறகு மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒருநாள் இதைப் பார்த்திருப்பார்கள்.

எல்லா வெள்ளைப் புள்ளியும் இக் அல்ல என்பதையும் அங்கிள்தான் சொன்னார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் சின்னச் சின்ன வெள்ளை முத்துகள் வரும். அது நோயல்ல, மாப்பிள்ளைக் களை! ஒரு வாடிக்கையாளர் பாவம், அந்த மாப்பிள்ளைக்கு 1 வாரம் மருந்து ஊற்றியிருக்கிறார்.

நான் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றது என் அக்கா மகனுக்காக. தொடக்கநிலை 3இல் படிக்கிறான். தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து 6 கிளௌன் லோச் மீன்கள் வாங்கியிருந்தான். ஆரஞ்சு நிற உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள், வாயருகே மீசை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படுக்கும் விளையாட்டு என்று பிள்ளைகளை மயக்கும் எல்லாம் அந்த மீனிடம் இருக்கிறது. செங்காங்கில் அக்காவின் நான்கறை வீட்டில், அவனுடைய படுக்கையறையில்தான் தொட்டி. வாங்கிய 9ஆம் நாள் ரவை விழுந்தது. 11ஆம் நாள் ஒரு மீன் போனது. மறுநாள் இன்னொன்று.

"சித்தி, மத்த நாலும் செத்துடுமா?" என்று தொலைபேசியில் கேட்டான். காலை நிகழ்ச்சியில் தினமும் முகம் தெரியாத எத்தனையோ பேரின் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அங்கிள் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. "தொட்டி ஏர்கான் அறையிலா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். பகலில் 28 டிகிரியில் இருக்கும் தண்ணீர், இரவு முழுக்க ஏர்கான் ஓடினால் 24, 25க்கு இறங்கிவிடும். காலையில் மறுபடி ஏறும். வெப்பமண்டல மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய அலைச்சல். பண்ணையிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று ஏற்கெனவே பயணக் களைப்பில் இருக்கும் மீனின் எதிர்ப்புச் சக்தி அங்கே உடைகிறது. பிறகு அவர் கடையின் பின்பக்கம் போய், தூசு தட்டி, ஒரு வெந்நீர்க் கோலை எடுத்து வந்தார். தொட்டிக்குள் வைக்கும் ஹீட்டர். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிங்கப்பூரில் ஹீட்டர் வாங்கினேன் என்று சொன்னால் வானொலி நிலையத்தில் இன்னும் யாரும் நம்பவில்லை.

"இது பாதிதான். மீதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பண்ணைக்குப் போ," என்றார். உள்ளூர்ப் பண்ணைகளின் ஒலிகளைப் பதிவு செய்யும் வேலை ஒன்றும் எனக்குப் பாக்கி இருந்தது. அந்த வாரமே கிளம்பினேன்.

ஜாலான் லெக்கார், சுங்கை தெங்கா பக்கம் இருக்கிறது. சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி டாக்சி எடுப்பதுதான் வசதி. உயரமான புளோக்குகள் பின்னால் நழுவ, சாலையின் இருபுறமும் பச்சை சூழ்கிறது. தெங்கா புதுநகரின் கட்டடங்கள் தூரத்தில் எட்டிப்பார்க்கின்றன. தலைக்கு மேல், தெங்கா ஆகாயப்படைத் தளத்தின் போர் விமானம் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. என் பதிவில் முதல் 3 நிமிடம் அதனாலேயே வீண். நம் தீவில் வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்று ஒதுக்கப்பட்ட சில இடங்களில் இதுவும் ஒன்று. உலக அளவில் அலங்கார மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருப்பதற்கு இப்படிப்பட்ட வலைக்கூரைகளும் சிமெண்டுத் தொட்டிகளும்தான் காரணம். ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

பண்ணைக்குள் நுழைந்ததும் ஈர வாசனை. மழைக்கு முந்தைய குளத்தின் வாசனை என்று சொல்லலாம். வரிசை வரிசையாகத் தொட்டிகள், எங்கும் குமிழ் ஒலி. எனக்குச் சுற்றிக்காட்ட வந்தவர் தமிழர். சென்னை கொளத்தூர்க்காரர். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது என்பதால் எனக்கு ஆச்சரியம் குறைந்தது. அவர் வீட்டு மொட்டை மாடியிலேயே சிமெண்டுத் தொட்டியில் மோலி வளர்த்தவராம். முதலில் "மேடம்" என்றார். வெண்புள்ளி பற்றிக் கேட்டதும் "அக்கா" ஆகிவிட்டேன்.

என்னை விற்பனைத் தொட்டிகளுக்கு அழைத்துப் போகவில்லை. பின்புறம், யாரும் படமெடுக்காத ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். புதிதாக வந்த மீன்களைத் தனியே வைக்கும் இடம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். ஒரு தொட்டியில் நனைத்த கையை உதறிவிட்டு அடுத்ததில் விடக்கூடாது. சுவரில் ஒரு நாள்காட்டி. கடவுள் படம் போட்ட சாதாரண தினசரி நாள்காட்டிதான். தொட்டி எண்களும் கோடுகளுமாக அதில் இடமே இல்லை.

"அக்கா, கிளௌன் லோச் எங்கேருந்து வருது தெரியுமா? சுமத்ரா, போர்னியோ ஆத்துலேருந்து. நிறைய மீன் இன்னமும் காட்டு மீன்தான். ஆத்துல பிடிச்சு, பையில கட்டி, படகு, லாரி, விமானம்னு வந்து சேருது. நம்ம ஊருக்கு வேலைக்கு வர்றவங்க மாதிரி. வந்த உடனே காய்ச்சல் வராம இருக்குமா?" என்று சிரித்தார்.

ஒரு பழைய நுண்ணோக்கி மேசையில் இருந்தது. நோயுற்ற மீனின் தோலை மெல்லச் சுரண்டி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். வட்டமான ஒரு உயிர், உடம்பெல்லாம் நுண்ணிய மயிரிழைகள். மெதுவாகத் தன்னைத் தானே உருட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் குதிரை லாட வடிவத்தில் ஒரு கரு. அந்த லாடத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாமாம். ஒரே செல்லால் ஆன இந்த ஒட்டுண்ணிக்கு 1876இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபூக்கே வைத்த பெயர் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். கிரேக்கமும் லத்தீனும் கலந்த அந்தப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால், 'பல பிள்ளைகள் பெற்ற மீன்பேன்'. அது வெறும் வேடிக்கைப் பெயரில்லை என்பது அடுத்த அரைமணி நேரத்தில் விளங்கியது.

நாம் பார்க்கும் அந்த வெள்ளைப் புள்ளி மீனின் தோலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. தோலின் மேலடுக்குக்குக் கீழே, உள்ளே புதைந்திருக்கிறது. மீனின் சதையைத் தின்று வளர்கிறது. தண்ணீரில் நீங்கள் என்ன மருந்தை ஊற்றினாலும் அந்தப் போர்வைக்குள் அது போகாது. வளர்ந்து முடிந்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, தொட்டியின் அடியில் மணலிலோ இலையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து சரியாகப் போகாது. உறைக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம்வரை குஞ்சுகளாகிவிடுகிறது. உறை உடைந்து அவை நீந்தி வெளியே வருகின்றன. ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்துத் துளைக்க வேண்டும், இல்லையேல் செத்துவிடும்.

மருந்தின் கை எட்டுவது அந்த ஒன்றிரண்டு நாள்களில் மட்டும்.

"அதான் நாள்காட்டி," என்றார் அவர். "எல்லாரும் என்ன செய்றாங்க? புள்ளியைப் பாத்து மருந்து ஊத்துறாங்க. நாலாம் நாள் புள்ளி விழுந்துடும். மீன் சுத்தமா இருக்கும். சரியாப் போச்சுன்னு நிறுத்திடுவாங்க. ஆனா அது சரியாப் போகலை அக்கா. குட்டி போடப் போயிருக்கு."

இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பயணம் தகும். புள்ளி மறைந்த நாள்தான் தொட்டி மிக ஆபத்தாக இருக்கும் நாள். ஒரு வாரம் கழித்துப் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் இருநூறு வரும். மீன் செத்ததும் "மருந்து சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்போம்.

வெந்நீர்க் கோலின் மர்மமும் அங்கே அவிழ்ந்தது. இந்த ஒட்டுண்ணியின் கடிகாரம் வெப்பத்தால் ஓடுகிறது. குளிர்நாட்டுக் குளத்தில் ஒரு சுற்று முடியப் பல வாரங்கள் ஆகலாம். 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீரை மெல்ல மெல்ல, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல், 30 டிகிரிக்கு ஏற்றினால் ஒட்டுண்ணி வேகமாக மீனைவிட்டு வெளியே வருகிறது. அந்த வெப்பத்தில் அதன் பெருக்கமும் பெரும்பாலும் தடுமாறுகிறது. வெப்பத்தைத் தாங்கும் ரகங்களும் இருப்பதால், வெப்பத்தை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. இன்னொன்று, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. செவுளிலும் ஒட்டுண்ணி புகுந்த மீன் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். எனவே ஹீட்டரோடு காற்றுப் பம்பும் கட்டாயம். தங்கமீன் போன்ற குளிர்விரும்பிகளுக்கு இந்த வைத்தியம் அவ்வளவு ஒத்துவராது. கிளௌன் லோச் 30 டிகிரியைத் தாங்கும்.

மருந்து என்று வந்தால், கடைப் புட்டிகள் பலவற்றில் இருப்பது மாலகைட் பச்சை, அல்லது அதோடு ஃபார்மலின். நன்றாக வேலை செய்யும். ஆனால் விளையாட்டுச் சாமான் அல்ல. உண்ணும் மீன்களுக்கு மாலகைட் பச்சையைப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை இருப்பதற்குக் காரணம் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு, பெரியவர்கள்தான் ஊற்ற வேண்டும். கிளௌன் லோச்சின் செதில்கள் மிகவும் நுண்மையானவை, தோல் மென்மையானது. பல மருந்துப் புட்டிகளில் இப்படிப்பட்ட மீன்களுக்குப் பாதி அளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். செம்பு கலந்த மருந்தென்றால் நத்தைக்கும் இறாலுக்கும் யமன். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் ஊற்றுகிற மருந்தையெல்லாம் கரி குடித்துவிடும்.

உப்பும் உண்டு. கொட்டகையின் மூலையில் ஒரு மூட்டை. லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாக, வேறு பாத்திரத்தில் கரைத்துச் சேர்க்கிறார்கள். செடி வைத்த தொட்டியென்றால் செடி வாடும்.

செங்காங் வீட்டில் அப்போது இரண்டு கட்சிகள். அத்தான் முழுப் புட்டியையும் ஒரேயடியாக ஊற்றி விஷயத்தை முடிக்கலாம் என்றார். நடைப்பாதையில் பார்த்த அண்டைவீட்டு ஆன்ட்டி, "பாவம், பொங்கோல் நீர்வழியில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்றார். இரக்கத்தில் சொன்னதுதான். ஆனால் வளர்ப்பு மீன்களை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது இங்கே சட்டப்படி குற்றம். விசாக தினத்தை ஒட்டி ஆண்டுதோறும் தேசியப் பூங்காக் கழகம் இதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் வளர்ந்த மீன்களில் பல வெளியில் பிழைப்பதில்லை. பிழைப்பவை உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கும். நோயுள்ள மீனென்றால் நோயும் சேர்ந்து குடியேறும். நாலு மீனைக் காப்பாற்றும் தருமம் நாலாயிரம் மீனுக்குப் பாவமாகலாம்.

பிள்ளையின் அறையில் ஒரு நாள்காட்டி தொங்கியது. பள்ளியில் கொடுத்தது. அதில் சிவப்புப் பேனாவால் 14 கட்டங்களைச் சுற்றினோம். தொட்டி வரவேற்பறைக்கு மாறியது. அங்கே ஏர்கான் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்குத் தண்ணீரை அடிமணலோடு உறிஞ்சி எடுத்தோம். அடியில் உறை கட்டியிருப்பவை அதோடு போகட்டும் என்று. புதுத் தண்ணீரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முந்தைய இரவே வாளியில் பிடித்துவைத்தால் குளோரின் போய்விடும் என்பது நம் அம்மாக்கள் காலத்துப் பாடம். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்நீரில் சேர்ப்பது குளோரமின். அது ஒரு ராத்திரியில் பறந்துவிடாது. குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் திரவத்தையே வாங்க வேண்டும். நோயைச் சமாளித்தும் பல வீடுகளில் மீன் சாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

வெளியே எடுத்த தண்ணீருக்கு ஏற்ப மருந்தைப் பாதி அளவில் மறுபடி சேர்ப்பது அத்தானின் வேலை. ஒரே மூச்சில் ஊற்றச் சொன்னவர், மூன்றாம் நாளிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லிலிட்டர் பார்த்து அளந்தார். 5ஆம் நாள் ரவை முழுக்க உதிர்ந்தது. வீடே கொண்டாடியது. அக்கா கேசரி கிண்டினார். பையன் மட்டும் கேசரிக் கிண்ணத்தோடு நாள்காட்டி முன் நின்று, "இன்னும் 9 நாள் இருக்கு, யாரும் நிறுத்தாதீங்க," என்று அதிகாரம் செய்தான். 7ஆம் நாள் ஒரு மீனில் மூன்று புள்ளிகள் புதிதாகத் தெரிந்தன. அவை பத்தாம் நாள் உதிர்ந்தன. பிறகு வரவில்லை.

அந்த நாலில் ஒன்று 8ஆம் நாளே போய்விட்டது. செவுள் ரொம்பவும் சிதைந்துவிட்டிருந்தது. மூன்று பிழைத்தன. இக்கிலிருந்து மீண்ட மீனுக்கு அதே நோயை எதிர்க்கும் வலிமை ஓரளவு வந்துவிடுகிறது. ஆனால் புதிதாக வரும் மீனுக்கு அது இருக்காது.

கிளௌன் லோச்கள் சத்தம் போடும் என்பது உங்களுக்குத் தெரியுமா? உற்சாகமாக இருந்தால், அல்லது சண்டை போட்டால், 'டிக் டிக்' என்று நாக்கைச் சொடுக்குவதுபோல் ஒலி எழுப்பும். கண்ணாடியில் ஒலிவாங்கியை ஒட்டிவைத்து, இரவு 11 மணிக்கு வரவேற்பறை விளக்கை அணைத்து, நானும் பையனும் தரையில் படுத்துக்கிடந்தோம். காற்றுப் பம்பை நிறுத்த அவன் சம்மதிக்கவில்லை. நாற்பது நிமிடம் குமிழ் ஒலிதான். அப்புறம் இரண்டு சொடுக்கு. பையன் என் கையைக் கிள்ளியதில் பதிவில் என் "ஆ" வும் விழுந்துவிட்டது.

லோச்கள் கூட்டமாக வாழ்பவை, மூன்று போதாது. 20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியவை, ஓரடி நீளம்வரை வளரக்கூடியவை என்பதால் பெரிய தொட்டிக்கும் இப்போதே திட்டம் போட வேண்டும் என்று அத்தானிடம் சொல்லியாகிவிட்டது. அவர் பெருமூச்சு விட்டார். பையன் அடுத்த மூன்றுக்குக் காசு சேர்க்கிறான். கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தயாராக இருக்கிறது. துணி வைக்கும் பெட்டிதான், 30 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் தனி வலை, தனிக் குழாய், சின்ன ஸ்பாஞ்ச் வடிகட்டி. மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறான்: "புதுசா வர்றவங்க 14 நாள் இங்கதான் இருக்கணும். தொடாதீங்க அப்பா."